இஸ்ஸும் வாஸும்

“மை ஒய்ஃப் வாஸ் எ குட் குக்.”

சுகாசினிக்குப் பகீரென்றது. போச்சுடா, இன்றைக்குமா!

மேசைக்கு எதிரே தேவசகாயம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. காக்கிச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். முப்பது வருடமாக ஏகாம்பரநாதர் கோயில் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப்போகும் டிராவல்ஸ் ஒன்றில் ஏசி வேனுக்கு டிரைவர் எடுக்கிறார்கள். இங்கிலீஷ் பேச வரும் என்று சான்றிதழ் காட்டினால்தான் வேலை; திங்கட்கிழமை கடைசி நாள். அதற்காகவே பத்து வாரமாகச் சாயங்காலச் சவாரியை விட்டுவிட்டு, பட்டுக்கடை மாடியில் நடக்கும் சுகாசினியின் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

இன்றைக்கு அந்தச் சான்றிதழுக்கான தேர்வு. கால் மணி நேரம்தான். முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள தலைப்பில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். கடைசியில் நாலு கேள்வி. இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கினால் பாஸ். ஆனால் ஒரு கண்டிப்பு: தேர்வு வைக்கிறவர், சொல்லிக்கொடுத்த சுகாசினியே ஆனாலும், வாய் திறந்து திருத்தக் கூடாது, தலையாட்டக் கூடாது, கண்ஜாடைகூடக் காட்டக் கூடாது. எல்லாம் பதிவாகிறது.

தேவசகாயம் எடுத்த அட்டையில் ‘உங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று வந்ததும் சுகாசினி மனசுக்குள் கைதட்டினாள். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்த தலைப்பு! மனிதர் என்னடாவென்றால் முதல் வரியிலேயே ‘வாஸ்’ஸில் போய் விழுகிறார்.

வகுப்பில் எல்லாருக்குமே அது தகராறுதான். “எஸ்டர்டே ஐ ஆம் கோயிங்” என்பார்கள். “டுமாரோ ஐ வென்ட்” என்பார்கள். மற்றவர்கள் ஒரு மாதத்தில் தேறிவிட்டார்கள். தேவசகாயமும் மற்றதில் எல்லாம் தேறினார். மனைவி என்று வந்துவிட்டால் மட்டும் ‘வாஸ்’தான்.

“சார், ‘வாஸ்’னா முடிஞ்சு போனது. ‘இஸ்’ சொல்லுங்க. மை ஒய்ஃப் இஸ் எ குட் குக்.”

“இஸ் எ குட் குக் மிஸ்,” என்பார் நல்ல பிள்ளையாக. மறுநாள் வந்து மறுபடியும் ‘வாஸ்’ என்பார்.

“பாவம் சார் அவங்க! வீட்ல உங்களுக்கு இட்லி ஊத்திக்கினு இருக்கிறவங்கள இப்படி ‘வாஸ்’ ஆக்கிட்டீங்களே!” என்று ஒரு நாள் அவள் கிண்டல் செய்தாள். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தேவசகாயம்தான்.

இப்போது அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

சுகாசினி உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

“ஹர் நேம் வாஸ் பெரியநாயகி.”

மறுபடியும் நிறுத்தம். மறுபடியும் அதே பார்வை. ‘இஸ் சார், இஸ்’ என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டம் சட்டம்தான் என்று விழுங்கிக்கொண்டாள்.

“ஷி வாஸ்... ஷி வாஸ் ஆல்வேஸ் லாஃபிங்.”

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. பாலாற்றில் தண்ணீர் வந்த மாதிரி இங்கிலீஷ் வந்தது. பெரியநாயகி வைத்த கருவாட்டுக் குழம்பு, சண்டை போட்டால் ஆட்டோ சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துவைக்கும் அவள் குறும்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். என்ன பிரயோசனம்? எல்லாமே ‘வாஸ்’.

இலக்கணத்துக்கு ஐந்தில் ஒன்றுக்குமேல் போட அவளுக்குக் கை வரவில்லை. கூட்டிப் பார்த்தால் பதினொன்று. இன்னொரு தடவை கூட்டினாள், அதே பதினொன்றுதான். கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அனுப்பியதைத் திரும்ப எடுக்க முடியாது. மறுபடி தேர்வுக்கு உட்கார மூன்று மாதம் ஆகும்.

மனசு கேட்காமல் படியிறங்கிப் போனாள். தேவசகாயம் ஆட்டோ பக்கத்தில் நின்றிருந்தார்.

“எவ்ளோ மிஸ்?”

“பதினொண்ணு. ஒரே ஒரு மார்க் சார்!” என்றாள். “அவ்ளோ நல்லா பேசினீங்க. அந்த ‘வாஸ்’தான் காலை வாரிடுச்சு. பத்து வாரமா தொண்டை கிழியக் கத்தினேனே, இன்னைக்கு ஒரு தடவையாவது ‘இஸ்’னு சொல்லக் கூடாதா?”

தேவசகாயம் ஆட்டோக் கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

“அவ போயி மூணு வருசம் ஆவுது மிஸ்.”

சுகாசினிக்கு அந்த இட்லிக் கிண்டல் நினைவுக்கு வந்தது. தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஐயோ... அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னா திருத்த மாட்டீங்களே! மொத நாளு நான் சரியாத்தான் சொன்னேன். நீங்க ‘இஸ்’ஸுன்னீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. அதுக்கோசரந்தான் தெனமும் ‘வாஸ்’ஸு, ‘வாஸ்’ஸுன்னு சொல்லிக்கினு கெடந்தேன்.”

துணியை உதறி மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தார்.

“இன்னைக்கும் சொல்லிட்டுச் சொல்லிட்டு உங்க மூஞ்சியப் பாத்தேன் மிஸ். நீங்க திருத்தவே இல்ல. அப்பதான், அவ நெசமாவே ‘வாஸ்’ஸுன்னு எனக்கு உறைச்சுது.”