வண்டியில் கிடந்த கையுறை

இறைச்சிச் சாசேஜ் படபடவென்று வெடித்துக் கருகியதும் கூட்டம் கைதட்டியது. ஆர்லிஸ் வழக்கம்போலக் கைதட்டவில்லை.

மின் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் நாளில் வருஷா வருஷம் இது உண்டு. மின்சார ஆபத்தைக் காட்ட, லாரி இழுத்து வந்த டிரெய்லரில் குட்டிக் கம்பங்கள் நட்டு, மின்சாரம் ஓடும் கம்பி கட்டி, மனுஷக் கைக்குப் பதிலாக ஒரு சாசேஜை அதில் படவிடுவார்கள். அது முடிந்த கையோடு, அதே ரகச் சாசேஜைப் பன்னுக்குள் வைத்து எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு.

முன்வரிசையில் ஒரு ஆள் அதற்குள் மெல்லவே ஆரம்பித்துவிட்டான். கடுகு விழுது அவன் தாடையில் வழிந்தது. ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். நெல்டா என்று பெயர் சொன்னாள். சியூ ஃபால்ஸ் நகரத்திலிருந்து வந்து, ஏரிக்கரைப் பண்ணை வீட்டை வாங்கியிருக்கிறாளாம். இந்தச் சங்கத்துக் கூட்டத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஆர்லிஸ் கேட்டாள்.

"வேலையில இருந்தப்பவே இந்த வாடை போதும் போதும்னு ஆயிடுச்சுங்க," என்றாள் நெல்டா.

சியூ ஃபால்ஸ்காரர்களில் பாதிப்பேருக்கு இறைச்சித் தொழிற்சாலையில்தானே வேலை. பன்றி வெட்டிய கைக்கு இதுகூடத் தாங்கவில்லையாக்கும் என்று ஆர்லிஸ் மனதுக்குள் எரிச்சல்பட்டாள்.

டிரெய்லர் மேல் நின்ற கர்ட் மைக்கைப் பிடித்தான். மின்கம்பி பழுதுபார்க்கும் லைன் ஆட்களின் தலைவன் அவன். ரப்பர் கையுறையில் ஓட்டை உண்டா என்பதிலிருந்து பெல்ட், ஏணி எல்லாவற்றையும் சோதித்து ஆட்களுக்குக் கொடுப்பவன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். இனி என்ன வரும் என்று ஆர்லிஸுக்கு வரிக்கு வரி தெரியும்.

ஐஸ் மழையில் ஊரே இருண்டு கிடந்த அன்று, வெண்டல் சோர்பி என்ற அருமையான லைன்மேன் கம்பத்தில் ஏறினானாம். அவசரமாம். ஒரு நிமிஷ வேலைதானே என்று உறை போடாமல் கம்பியைத் தொட்டானாம். கர்ட் ஒரு ஜோடி ஆரஞ்சு ரப்பர் உறையை உயரத் தூக்கிக் காட்டினான். புத்தம் புதுசுபோல அவை பளபளத்தன.

"இதோ பாருங்க புள்ளைங்களா. வண்டி சீட்லயே கெடந்துச்சு. இதைப் போட்டிருந்தா வெண்டல் இன்னிக்கு நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருப்பான்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்லிஸுக்கு அழுகை வரவில்லை. கர்ட்டின் நடிப்பைவிட, சாசேஜ் நாற்றத்தைவிட, செத்துப்போன புருஷன் வெண்டல் மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு. வீட்டில் அடுப்புக் கரி கிளறக்கூட உறை மாட்டாமல் கை நீட்டாத மனுஷன். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள் என்ற நினைப்பு கம்பத்தில் மட்டும் எங்கே போயிற்று?

அவன் தேடி வைத்த அவமானத்தை மகள்தான் பள்ளிக்கூடத்தில் சுமந்தாள். உறையை மறந்தவன் மகள் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். படிப்பு முடிந்ததும் அந்தப் பெண் மாநிலத்தை விட்டே போய்விட்டாள். அப்பாவின் படத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்லிஸும் அதைக் கழற்றி மாடி அறையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகு பள்ளிப் பிள்ளைகளின் மின் பாதுகாப்புக் கட்டுரைக்கான வெண்டல் சோர்பி நினைவுப் பரிசு. வழக்கம்போல அதைக் கொடுக்க ஆர்லிஸைக் கூப்பிட்டார்கள். கேடயத்தை ஒரு மாணவியின் கையில் திணித்தாள். கர்ட் அவள் தோளில் கை போட்டுப் படம் பிடித்துக்கொண்டபோது, அவன் உள்ளங்கை வியர்வை அவள் சட்டையில் ஈரமாக ஒட்டியது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நெல்டா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்த வெண்டல் உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. உறை போடச் சோம்பல்பட்டுச் செத்த மகராசன்."

"போடலைன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

ஆர்லிஸ் தாடையால் டிரெய்லரைக் காட்டினாள். கர்ட்தான் அன்று கம்பத்தடியில் நின்றவன். வெண்டலை ஹெலிகாப்டரில் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிறகு அவன்தான் அவள் வீட்டுக்கு வந்து சொன்னான். பனிச் சாலையில் அவள் நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பார்க்க வேண்டாம், பழைய முகமே நினைவில் இருக்கட்டும் என்று சவப்பெட்டியை மூடச் சொன்னதும் அவன்தான்.

டிரெய்லர் மேல் கர்ட் அந்த உறைகளை ஒரு சின்னப் பையனுக்குப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். நெல்டா அதையே பார்த்தாள்.

"நான் சியூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரில தீக்காயப் பிரிவு நர்ஸா இருந்தேன், ஆர்லிஸ். உங்க வீட்டுக்காரரைக் கொண்டுவந்த அன்னிக்கு எனக்குத்தான் டியூட்டி."

ஆர்லிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு கையிலயும் உறை இருந்துச்சு. கத்தரிச்சு எடுத்ததே நான்தான்."