பதினாலாம் நிலையத்துச் சூடு

"அண்ணே, இது கள்ளக்கணக்குதானே? மழுப்பாம சொல்லுங்க."

களி ஒட்டிய ஸ்பூனை நக்கிக்கொண்டே கேட்டாள் பெகாயிம். நோரூஸ் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து மூன்று நாளாகியும் பிஷ்கெக் ஆய்வகத்து மேசையில் சுமோலோக் களி ஜாடி காலியாகவில்லை. வருஷா வருஷம் யாரோ கொண்டுவந்து வைப்பார்கள். யார் என்று ஒருவரும் கேட்டதில்லை, சாப்பிடுகிற அவசரம்.

ஜானிபெக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

வானிலை நிலையங்கள் அனுப்பும் வெப்ப அளவை வைத்து, மலைப்பனி எப்போது உருகும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடும் மென்பொருள் அது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதியது. யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒன்பது நாட்டு ஆய்வாளர்கள் அதை நம்பியிருந்தார்கள். அதை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி புதுப்பிக்கும் வேலை பெகாயிமுடையது.

பழைய வரிகளைத் தூசி தட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் வந்து நின்றாள்.

'பதினாலாம் நிலையம், மார்ச் 20: தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் நம்பாதே. பக்கத்து நிலையத்தின் வெப்பத்தைப் போட்டுக்கொள்.'

மேலே ஒரு குறிப்பு: 'கை வைக்காதே. ஜானிபெக்.'

கை வைத்தாள். வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். பள்ளத்தாக்குப் பனி மொத்தமும் ஒரே நாளில் உருகி, ஆறு ஊருக்குள் புகுந்துவிட்டது. நல்லவேளை, கணினியில்தான்.

"பின்லாந்து ஆய்வாளர் டூலிக்கியும் இதைப் பார்த்துட்டாங்க. எல்லாரும் படிக்கிற பக்கத்துல எழுதியிருக்காங்க. 'அறிவியலில் ரகசியத்துக்கு இடமில்லை. நாலு மணிக்குள் விளக்கம் வராவிட்டால் இந்த மென்பொருளைக் கைவிடுகிறோம்'னு. அவங்க விட்டா மத்த எட்டு நாடும் விட்டுடும்ணே."

"டீ குடிக்கிறியா?"

"அண்ணே!"

"காரணத்தைச் சொன்னா ஒருத்தரோட வேலை போயிடும்மா."

"யாரோடது? உங்களோடதா?"

ஜானிபெக் டீ ஊற்ற எழுந்தார். பெகாயிம் போனை எடுத்துப் பதினாலாம் நிலையத்துக்கே போட்டாள். அங்கே அளவு குறித்து அனுப்புகிறவள் சைக்கால்.

"சைக்கால் அக்கா, மார்ச் இருபது அன்னைக்கு உங்க நிலையத்துல என்னதான் நடக்குது?"

"சுமோலோக் கிண்டுறோம், வேறென்ன?" கணீரென்று வந்தது குரல். "தெர்மாமீட்டர் பெட்டி நிக்குதே, அந்த வேலிக்குள்ளதான் காத்து அடிக்காது. அண்டாவை அதுக்கு அடியில வெச்சா அடுப்பு அணையவே அணையாது. ஊர்ப் பொம்பளைங்க பதினேழு பேரும் அங்கதான். ஏம்மா, தப்பா?"

பெகாயிம் இன்னொரு ஸ்பூன் களியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தள்ளி வைன்னு உங்க ஜானிபெக் வருஷா வருஷம் வந்து சத்தம் போடுவாரு. போட்டுட்டு ஒரு ஜாடி வாங்கிட்டுப் போவாரு. இந்தத் தடவை ஒழுங்கா வந்து சேர்ந்துச்சா?"

பெகாயிமின் பல்லில் நறுக்கென்று கல். களி அடிப்பிடிக்காமல் இருக்க அண்டாவில் போடுகிற கூழாங்கல்.

"வந்துச்சுக்கா," என்று போனை வைத்தாள்.

"கல் கிடைச்சவங்க ஏதாவது வேண்டிக்கணும்," என்றார் ஜானிபெக், ஜன்னலைப் பார்த்தபடி. "சீக்கிரம் வேண்டிக்கோ. மணி மூணே முக்கால்."

பெகாயிம் டூலிக்கி எழுதிய அந்தப் பக்கத்திலேயே பதிலைத் தட்ட ஆரம்பித்தாள்.

'அந்த நாளில் நிலையத்தில் பண்டிகை அடுப்பு எரியும். அதனால் அன்றைய அளவு செல்லாது. அடுப்பில் வெந்ததை டைரக்டர் உட்பட எங்கள் ஆய்வகமே பதினோரு வருஷமாகச் சாப்பிட்டு வருகிறது. இதை எழுதி வைக்காதது எங்கள் தவறு. இனி எந்த நிலையமும் தன் அளவு செல்லாத நாளைக் காரணத்தோடு குறித்துவைக்க ஒரு வசதி சேர்க்கிறோம்.'

"டைரக்டரையும் இழுத்துட்டியே!"

"இப்ப யாரு அக்காவை வேலையை விட்டு எடுக்குறதுன்னு பார்ப்போம்."

நாலு மணிக்கு டூலிக்கியின் பதில் வந்தது, எல்லாரும் படிக்கும் பக்கத்தில். 'வெளிப்படையான விளக்கத்துக்கு நன்றி. தொடர்ந்து பயன்படுத்துவோம்.'

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவரிடமிருந்தே இன்னொன்று வந்தது, பெகாயிமுக்கு மட்டும்.

'நாள் குறிக்கும் அந்த வசதியில் எல்லாச் சனிக்கிழமையையும் சேர்த்துக் குறிக்க முடியுமா? எங்கள் தெர்மாமீட்டர் மாட்டியிருப்பது என் நீராவிக் குளியலறைச் சுவரில். காரணம் என்ற இடத்தை மட்டும் தயவுசெய்து காலியாக விடவும்.'