இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர்

"எந்தக் கழுதை இதை மாட்டுச்சு?"

காருக்கு அடியிலிருந்து ஷார்ஷென் கத்தினான். நாரின் நகரத்துக் கடைத்தெருக் கோடியில் ஒரு பழைய கன்டெய்னர்தான் அவனுடைய ஷெட். வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் கனத்த பையோடு ஜூரா அக்கா உட்கார்ந்திருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். இன்றைக்கு என்னவோ அளந்து அளந்து பேசினாள்.

"வருமா, வராதா? அதைச் சொல்லு. நாளைக்குக் காலையில நான் கணவாய் ஏறணும். பொண்ணையும் பேரனையும் கூட்டிட்டு வரணும். நாளன்னைக்குக் குழந்தைக்கு நாப்பது நாள். நாப்பது வீட்டுல ஆளுக்கொரு துண்டுத் துணி வாங்கி, ஒட்டுப்போட்டு அவனுக்குச் சட்டை தைச்சு வச்சிருக்கேன்."

"இந்த வண்டியிலயா? பாதி மலையில மூச்சு வாங்கி நின்னுடும் அக்கா."

"அப்படி என்னதான் ஆச்சு?"

"ஆக்ஸிஜன் சென்சார். சைலன்சர் குழாய்க்கு மூக்குன்னு வச்சுக்குங்க. புகையை மோந்து பாத்து, எவ்வளவு பெட்ரோல் குடிக்கணும்னு எஞ்சினுக்குச் சொல்லும். அந்த மூக்கு செத்துப்போச்சு. புதுசு கையில இருக்கு, பழசு வந்து தொலைய மாட்டேங்குது. முரட்டுத்தனமா திருப்பினா குழாய்ல திருகு மரை தேஞ்சு போயிடும். வேற குழாய் வர நாலு நாள் ஆகும்."

எண்ணெய் விட்டு, இரண்டு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தான். எஞ்சினைச் சூடேற்றித் திருப்பினான். ஸ்பேனர் வழுக்கியது, சென்சாரின் மூலை மழுங்கியது, அவன் விரல் முட்டி தோல் உரிந்தது. கடைசியில் காஸ் டார்ச்சைப் பிடித்தான்.

குப்பென்று ஒரு வாசம் கிளம்பியது. ஆட்டு வால் கொழுப்பு கருகும் வாசம்.

ஷார்ஷென் வெளியே ஊர்ந்து வந்து கைகொட்டிச் சிரித்தான்.

"மாட்டிக்கிட்டான்! முகாஷ்! மரையில ஆட்டுக் கொழுப்பைத் தடவுற மேதாவி இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். செம்புப் பசை தடவ வேண்டிய இடம் அக்கா இது. கொழுப்பு எரிஞ்சு, கரியாகி, கல்லா இறுகிப்போச்சு!"

முகாஷ் பக்கத்து கன்டெய்னர்க்காரன். நடுவே ஒரு தகரச் சுவர்தான். பேசி ஏழு வருடம் ஆகிறது.

சிரித்து முடித்த பிறகும் அந்த வாசம் போகவில்லை. பத்து வருடம் இரண்டு பேருக்கும் ஒரே ஷெட், ஒரே ஜாக்கி, ஒரே கத்தி. மத்தியானம் வேகவைத்த கொழுப்பை நறுக்கி ரொட்டியில் வைத்துத் தின்பார்கள். கடைசித் துண்டை முகாஷ் எடுத்து வைத்துக்கொள்வான். "புது மருமக வந்தா அடுப்புக்கே கொழுப்பு ஊத்துறோம். புது நட்டுக்கு ஒரு வாய் குடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்பான். இவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஷார்ஷென் டார்ச்சை அணைத்தான்.

"ஷார்ஷெனுக்கு அவசரக் கை" என்று முகாஷ் சொன்னானாம். யாரோ வந்து ஓதினார்கள். அப்படிச் சொன்னாயா என்று இவன் கேட்கவே இல்லை. மறுநாளே தகரத்தை வாங்கி நடுவில் அடித்துவிட்டான்.

"இப்ப என்ன வழி?" என்றாள் அக்கா.

"வயரை வெட்டிட்டு, நீளமான பாக்ஸ் ஸ்பேனரை முழுசா மாட்டித் திருப்பணும். இருபத்திரண்டு நம்பர். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு. பிரியும்போது அவன் பக்கம் போயிடுச்சு."

"கேளேன்."

"நானா? அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

அக்கா பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஷார்ஷென் காரைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். நாற்பது துண்டுச் சட்டை அவன் கண் முன்னால் வந்து நின்றது.

"நீங்க போய் வாங்கிட்டு வாங்க அக்கா. யாருக்குன்னு சொல்லாதீங்க."

"யாருக்குன்னு கேப்பானே. பொய் சொல்லச் சொல்றியா?"

ஷார்ஷென் ஒரு அழுக்குத் துணியில் கையைத் துடைத்தான்.

"சரி. நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க."

அக்கா எழுந்து வெளியே போனாள். அவன் துணியைக் கீழே வைப்பதற்குள் ஸ்பேனரோடு திரும்பி வந்துவிட்டாள்.

வயரை வெட்டினான். குழாயைச் சூடேற்றி, ஸ்பேனரை மாட்டி, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு திருப்பினான். கிறீச்சென்றது. அப்புறம் தன்னால் சுழன்று கையில் வந்து விழுந்தது. மரையில் ஒரு கீறல் இல்லை. புதிய சென்சாருக்குச் செம்புப் பசை தடவி மாட்டிவிட்டு வெளியே வந்தான்.

"ஏன்க்கா, கேட்டவுடனே குடுத்துட்டானா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

"நான் எங்கடா போனேன்? உன் வாசல்ல நின்னு, என் பையிலேருந்துதானே எடுத்தேன்."

ஷார்ஷென் விழித்தான்.

"காலையில முதல்ல அவன்கிட்டதான் போனேன். அடியில குனிஞ்சு பாத்தான். 'கொழுப்பைத் தடவிக் கெடுத்தவன் நான்தான். ஆனா மரை போகாம கழட்டுற கை ஷார்ஷெனுக்குத்தான் உண்டு, அங்க போங்க'ன்னு அனுப்பினான். ஸ்பேனரையும் பையில போட்டான். 'அவனா வாயைத் திறந்து கேட்டா மட்டும் குடுங்க அக்கா. என்கிட்ட ஏதாவது ஒண்ணு கேக்க மாட்டானான்னு ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்'னான்."