ஓரம் வெட்டாத பெட்டி

"சீ! அந்த உதட்டுச் சாயக்காரியைப் பாக்குறதுக்கு இன்னொரு பெட்டி வேறயா?"

மனைவி போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த அத்தனை டிவியிலும் ஒரே செய்தி வாசிக்கிறவள் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து, சீக்கிரமே ரிட்டயராகப் போகிற கணவரோ, காதில் வாங்காமல் ரெக்கார்டர்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளாகவே வீட்டில் இந்தக் கூத்துதான். மாலைச் செய்தி ஆரம்பித்தால் போதும், மனிதர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுவார். நாட்டு நடப்பு தெரிய வேண்டியவர் சத்தத்தை அணைப்பாரா?

ஒருநாள் காபி கொண்டுவந்தபோது பார்த்தாள். துடைக்கிற சாக்கில் டிவி கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்த நேரத்தில் அவள் ஹால் பக்கமே வருவதில்லை.

கடைசியில் டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டுச் சந்தாவை நிறுத்தினாள். அவர்கள் கொடுத்திருந்த பெட்டியில் அவர் பதிந்து சேர்த்து வைத்திருந்த செய்திகளெல்லாம் சந்தாவோடு சேர்ந்து பூட்டிக்கொண்டன. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. 'தொலைந்தது சனியன்' என்று இவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

மனிதர் விடுவாரா? மொட்டை மாடியில் ஏறி ஓர் ஆன்டெனாவைக் கட்டினார். அதில் இலவசமாக வருகிற நாலைந்து சேனல்களில் அந்தச் செய்தியும் வந்து தொலைத்தது. இந்த மாதம் அச்சகத்தில் மாலை ஷிப்ட் விழவே, செய்தியைப் பதிந்து வைக்க ரெக்கார்டர் வேண்டும் என்று லீவு நாளில் கடைக்கே கிளம்பிவிட்டார். தடுக்கத்தான் அவளும் கூட வந்தாள்.

"பொண்ணு ஒருத்தி அந்தக் காது கேக்காதவனைக் கட்டிக்கிட்டுப் போய் மானத்தை வாங்கினா. மிச்சம் மீதி இருந்ததை அப்பன் வாங்குறாரு" என்று விற்பனையாளரிடமே முறையிட்டாள். "இந்தப் பெட்டி வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். ஆமா!"

மகள் பேரை எடுத்தாலும் இதே மிரட்டல்தான். அதற்குப் பயந்து, அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவர் அந்தப் பேரை எடுத்ததே இல்லை. ஆனால் இந்தப் பெட்டி விஷயத்தில் மட்டும் மிரட்டல் எடுபடவில்லை.

"இது ரெண்டு சேனலை ஒரே நேரத்துல பதியும் சார்." விற்பனையாளர் ஓடிக்கொண்டிருந்த செய்தியையே கொஞ்சம் பதிந்து போட்டுக் காட்டினார்.

"சத்தம் வேண்டாம் தம்பி." மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இது வேண்டாம். ஓரம் வெட்டுது."

"ஓரத்துல என்ன சார் இருக்கு? மூலையில நின்னு கையை ஆட்டுற அந்தச் சின்னக் கட்டம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இவங்க நடுவுல பளிச்சுனு இருக்காங்கல்ல?" என்று விற்பனையாளர் கண்ணைச் சிமிட்டினார்.

"தூ!" என்றாள் மனைவி. கண் சிமிட்டியவருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த பெட்டியில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மெஷின்மேனுக்கு அதிலும் ஒரு குறை. "கீழ மணி காட்டுதே, அதை எடுக்க முடியுமா?"

"முடியாது சார். அது பெட்டியிலேயே வர்றது."

"அப்ப வேண்டாம். மறைக்குது."

"முழுசாப் பாக்கணுமாம், முழுசா!" மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மிக்ஸி வாங்க வந்த ஒரு பெண் மெஷின்மேனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விற்பனையாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு, அடித் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய மாடலை எடுத்து, ஊதி, ஒயரைச் செருகினார்.

"இதை யாரும் வாங்குறதில்ல சார். ஒரு சேனல்தான் பதியும். ரிமோட்டும் அப்பப்ப மக்கர் பண்ணும்."

படம் ஓடியது. மெஷின்மேன் இன்னும் கிட்டே குனிந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஜொள்ளு முற்றிப்போய் அழுகை வரைக்கும் வந்துவிட்டது!

"அப்படி என்னதான் இருக்கு அவ மூஞ்சில? நானும் பாக்குறேன்!"

மனைவி கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். செய்தி வாசிக்கிறவளை முறைத்தாள். பிறகு, அவர் எப்படி வழிகிறார் என்று பார்க்கத் திரும்பினாள்.

அவர் பார்வை அந்த முகத்தில் இல்லை. அது எங்கே போகிறது என்று அவளும் பார்த்தாள். மூலையில், அந்தச் சின்னக் கட்டத்துக்குள், ஒருத்தி கையாலேயே செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், இதுவும் வேண்டாமா?" விற்பனையாளர் அலுத்துக்கொண்டே ஒயரைப் பிடுங்கப் போனார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும் தம்பி. இதுலதான் எம் பொண்ணு முழுசாத் தெரியறா."