பதினேழாம் எண்

பன்னிரண்டு வருஷம் வெளியூர்களில் சுற்றிவிட்டு அந்த லேப்டாப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. போன இடத்திலெல்லாம் அங்கிருக்கும் ரூட்டரிடம் ஓர் எண் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நெட்வொர்க்குக்குள்ளே போகும். சொந்த வீட்டில் என்ன கேள்வி? அந்தக் காலத்தில் தனக்கென்றே எழுதிவைத்த பதினேழாம் எண்ணைப் போட்டுக்கொண்டு நேராக நுழைந்தது.

"யாருப்பா அது, என் நம்பரோட வர்றது?" என்றது பிரிண்டர்.

"உன் நம்பரா? நீ அட்டைப்பெட்டியில இருந்தப்பவே இது என்னோடது."

ஒரே எண்ணில் இருவர் நின்றதால் இருவர் வேலையும் நின்றுபோயிற்று. அந்த வீட்டுப் பெண் மேகலாவுக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. பிரிண்ட் எடுக்க வேண்டிய அவளுடைய ஹால் டிக்கெட் லேப்டாப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

லேப்டாப் ரூட்டரிடம் முறையிட்டது. "அண்ணே, நான்தான் பதினேழுன்னு உங்களுக்குத் தெரியாதா? இந்த வீட்டுல முதல் பாட்டை டவுன்லோடு பண்ணினதே நாம ரெண்டு பேரும்தானே. ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு."

"மறப்பேனா," என்றது ரூட்டர். "நீ போனப்புறம் ரொம்ப நாள் அதைக் காலியாத்தான் வச்சிருந்தேன். இப்ப கேளு, வேற தர்றேன்."

லேப்டாப் பதினேழை அழித்துவிட்டு, வெளியூரில் கேட்கிற மாதிரியே கேட்டது. முப்பத்தொன்று கிடைத்தது. ஹால் டிக்கெட் உடனே பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

சூடான காகிதத்தை வெளியே தள்ளிக்கொண்டே பிரிண்டர் கேட்டது: "எத்தனை நாள் தங்கப் போறீங்க?"