மார்ச் பதினைந்து, வெள்ளி

"ஐயா, தீர்ப்புல ஒரு தேதி தப்பா இருக்கு."

திருச்சி செஷன்ஸ் கோர்ட்டில் கடைசி பெஞ்சிலிருந்து வஹீதா எழுந்து நின்றாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. முகத்தில் அழுகை இல்லை.

நீதிபதி அப்போதுதான் படித்து முடித்திருந்தார். ஸ்ரீரங்கம் படித்துறையில் இருவர், உறையூர் கடைவாசலில் இருவர். தூங்கிக்கொண்டிருந்த நாலு பேர் தலையிலும் கல்லைப் போட்டது ஜெகபர் சாதிக்தான். ஆனால் ஐம்பத்தேழு ஜனவரி முதலே அவன் சித்தம் கலங்கியவன், அதனால் குற்றவாளி அல்ல. தூக்கு இல்லை, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.

கூண்டில் நின்ற சாதிக் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"யாரும்மா நீ?" என்றார் நீதிபதி.

"எம்மருமகதாங்க" என்று முந்திக்கொண்டாள் சாதிக்கின் தாய் ஹாஜிரா. வஹீதா அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

காலையில் வராந்தாவிலேயே ஹாஜிரா அவளிடம் பேசியிருந்தாள். "மூணு வருஷமோ நாலு வருஷமோ, தெளிஞ்சு வந்துருவான். நீதான் கூட இருந்து பாத்துக்கணும்."

"நான் வர மாட்டேன் மாமி. அவருகூட ஒரு ராத்திரி இருக்க மாட்டேன்."

"இன்னிக்குத் தீர்ப்பு வரட்டும். அப்புறம் நீ வந்துதான் ஆகணும்."

நீதிபதி காகிதத்தைத் திருப்பினார். "எந்தத் தேதி தப்பு?"

"மார்ச் பதினஞ்சு, வெள்ளிக்கிழமை. அன்னிக்கு அவரு தெளிவாத்தான் இருந்தாரு."

சாதிக்கின் வக்கீல் இருதயநாதன் பதறி எழுந்தார். "உக்காரும்மா. உன் புருஷன் உசுரைக் காப்பாத்த ஒரு வருஷமா அலைஞ்சிருக்கேன்."

"அலைஞ்சீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கட்டினவனுக்கே கயிறு கேக்குது பாரு" என்றது முன் பெஞ்சில் ஒரு குரல்.

"மூணு டாக்டருங்க பாத்துச் சொல்லியிருக்காங்க" என்றார் நீதிபதி. "தெளிவா இருந்தான்னு நீ எதை வச்சுச் சொல்றே?"

"ஜும்மா தொழுதுட்டு வந்தாரு. சோத்துக்கு ஊத்தின ஆணத்துல உப்பு கூடன்னாரு. கூடத்தான் இருந்துச்சு."

சிரிப்பு எழுந்தது. டவாலிச் சேவகன் அதட்டினான். வஹீதா எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றாள்.

"சாப்பிட்டுட்டு கை கழுவினாரு. என்னைப் பெத்தவரு, எங்கத்தாவைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சாரு. பேச்சுல ஒரு தடுமாற்றம் இல்ல. பைத்தியம் அப்படிப் பேசாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கொலை பண்ணும்போது தெளிவா இருந்தான்னு நான் எழுதினா, அவனுக்குத் தூக்கு. உனக்கு அதுதான் வேணுமா?"

"முதல் கொலை ஏப்ரல்லதானே? ஏப்ரல்லேருந்து பைத்தியம்னே இருக்கட்டும். தூக்குல போடுங்க, ஆஸ்பத்திரியில போடுங்க, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். மார்ச் பதினஞ்சை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க."

ஹாஜிரா அவள் துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி."

வஹீதா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இருதயநாதன் கேஸ் கட்டைப் பிரித்து மார்ச் மாதத்தைத் தேடினார். அதில் ஒன்றுமே இல்லை.

"அன்னிக்கு ஊர்ல யாரும் சாகலையே அம்மா" என்றார் நீதிபதி. "அந்த ஒரு நாள்ல உனக்கு என்ன இருக்கு?"

"பைத்தியக்காரரு சொன்னா அது செல்லாதுன்னு ஜமாஅத்துல சொல்லிட்டாங்க ஐயா. அன்னிக்குத்தான் அவரு எனக்குத் தலாக் சொன்னாரு."