ரெண்டாவது வாய்க்குழாய்

கல்லடிக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்க ஜூலியும் கணவன் றொனால்டும் மறுநாள் இறங்குவதாக இருந்தார்கள். அடியில் காற்று தீர்ந்தால் மாற்று ஏற்பாடு வேண்டுமென்று அவள் கடலில் மூழ்குவோருக்கான கருவிகள் விற்கும் நௌஷாட்டின் கடைக்கு வந்திருந்தாள்.

“சின்னச் சிலிண்டர் ஒண்டத் தனியாக் கட்டிக்கோங்க தங்கச்சி,” என்றார் நௌஷாட்.

“வேணாம் நானா. என்ட சிலிண்டர்லயே மூச்செடுக்க இன்னொரு வாய்க்குழாய் பூட்டித் தாங்க. அவருக்குக் காத்து முடிஞ்சா என்னட்ட எடுப்பார். எனக்கு முடிஞ்சா அவரிட சிலிண்டர்லயும் ரெண்டாவது ஒண்டு இருக்குத்தானே.”

“தனிச் சிலிண்டர்தான் நல்லம்.”

“விலை கூடினதத் தள்ளி விடப் பாக்கிறீங்க,” என்று ஜூலி சிரித்தாள். கரையில் எவ்வளவு சண்டை பிடித்தாலும் தண்ணீருக்குள் றொனால்ட் தன் கையை விட்டதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை.

நௌஷாட் சிரிக்கவில்லை.

“சொல்லக்கூடாதுதான் தங்கச்சி. நேத்து றொனால்ட் வந்து தன்ட சிலிண்டர்ல இருந்த ரெண்டாவது வாய்க்குழாயக் கழட்டச் சொன்னார். ‘அவள் பதறினா என்ட காத்தையும் குடிச்சு முடிச்சிருவாள்’ எண்டார்.”

ஜூலி மேசையிலிருந்த வாய்க்குழாயை அவர் பக்கம் தள்ளினாள்.

“தனிச் சிலிண்டரையே தாங்க. இது வேணாம்.”

“அப்ப அவருக்குக் காத்து முடிஞ்சா?”

ஜூலி தனிச் சிலிண்டருக்குக் காசை எண்ணி மேசையில் வைத்தாள்.